அத்தையின் திராட்சரசம்

மகன் நீட்டிய கிளாஸை வாங்கியதும் மூக்கில் ஏறியது உலர்ந்த திராட்சையின் மணம். ஸ்காட்லாந்து விஸ்கியாம், கடைசியில் கொஞ்ச காலம் ஷெர்ரி என்னும் ஒயின் இருந்த பீப்பாயில் கிடந்ததாம். "சும்மா ஒரு வாய் பாருங்கம்மா" என்று சீண்டினான். நானும் வீம்புக்கு வாய் வைத்தேன். உடனே என் அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதிக்கு அத்தை பொறுப்பாளர். அங்கே புதிதாக டீச்சர் வேலைக்குச் சேர்ந்த நான் அவளோடு தங்கியிருந்தேன். எங்கள் கிறிஸ்தவக் கோயிலில், ஆராதனையில் எல்லோருக்கும் ஒரு மிடறு கொடுக்கும் திருவிருந்துக்குத் திராட்சரசம் போடுவது அவள்தான். அதில் அவளுக்கிருந்த பெருமை சொல்லி மாளாது. போதகர் ஜெபிக்கும் முன் ரசம் யார் நாவிலும் படக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் பதத்தை மூக்கால்தான் பார்ப்பாள்.

அந்த வருஷம் ஓயாத மழையில் ரசம் கெட்டுப்போயிற்று. தன் நாட்டுக்கே திரும்பிப் போன வெள்ளைக்கார டீச்சர் ஒருத்தி, போகும்போது ஒயின் பீப்பாயில் வைத்தது என்று சொல்லி ஒரு பாட்டிலைப் பரிசாகக் கொடுத்திருந்தாள். மதுவிலக்குக் காலம், லேபிளைக் கிழித்திருந்தாள். ஏன் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. அத்தை மூடியைத் திறந்து மோந்தாள். "திராட்சைதான் புள்ள. கொஞ்சம் காரமா அடிக்குது, பழசுல்ல" என்று அதையே திருவிருந்துக்கு எடுத்து வைத்தாள்.

ஞாயிறன்று முதல் மிடறிலேயே அது விஸ்கி என்று தெரிந்து போதகர் திகைத்து நின்றார். ஜெபித்துவிட்டதைக் கீழே கொட்ட முடியுமா? கொடுத்துக்கொண்டே வந்தார். முழங்காலிட்டிருந்தவர்கள் வரிசையாக இருமினார்கள். பெருமாள்மலைப் பெரியவர் ஒருவர் மட்டும் கிண்ணத்தை விடவேயில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். அத்தையும் தன் முறைக்குக் குடித்தாள், முகம் வெளுத்துப்போயிற்று. பக்கத்தில் இருந்த எனக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. ஆராதனை முடிந்ததும் போதகர், "பரவாயில்லம்மா. இனிமே மதுரையில இருந்தே வாங்கிக்கிடலாம்" என்றார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

கடைத்தெருவுக்குள் நுழையும் முன் அத்தை ஓரமாக நின்றாள். "புள்ள, என் வாயை மோந்து பாரு. வாடை அடிக்குதா?"

அடித்தது. இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீடுவரை நடந்தாள். அதன் பிறகு கோயிலில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தாள். பாட்டுப் பாடும்போதும் முந்தானை வாயிலேயே இருந்தது.

"எப்படிம்மா இருக்கு?" என்றான் மகன். ருசியாகத்தான் இருந்தது. முந்தானையை எப்போது எடுத்து வாயைப் பொத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.