சாமி மரப் பெட்டியில் வைத்த காசுகள்

செண்பகனூரில் கண்டக்டர் ஞானவேல் அண்ணனைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பத்தொரு வருஷம் கவுஞ்சி பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். பூண்டு மூட்டைக்கு லக்கேஜ் போடுகிறேன் என்று யாரிடமும் மல்லுக்கட்டியதில்லை. அவருக்கு இருந்த ஒரே பித்து பழைய காசு. பையில் விழும் சில்லறையில் வித்தியாசமாக எதுவும் தட்டுப்பட்டால் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதற்கு ஈடான காசைத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் அதை எடுத்துக்கொள்வார்.

"ஏப்பா ஞானவேலு, டிக்கெட் குடுக்கியா, காசை மோந்து பாக்கியா? மன்னவனூரு வந்துருச்சு, விசில் அடி!" என்று பின்சீட்டுப் பெண்கள் கத்துவார்கள்.

"இருங்கக்கா, இது உங்க பாட்டனுக்கு முந்திப் பொறந்தது. எந்திரிச்சு நின்னு கும்புடணும், நீங்க என்னடான்னா சத்தம் போடுறீங்க" என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

அப்படிச் சேர்ந்ததுதான் எல்லாம். ஓட்டைக் காலணா, ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய், சிலோனிலிருந்து திரும்பி வந்த எஸ்டேட்காரர்கள் தெரியாமல் கொடுத்த நெளிநெளி விளிம்புக் காசு. பாலசமுத்திரத்தில் சம்பந்தி வயல் உழும்போது கிடைத்த யானை உருவம் போட்ட ஈயக் காசு ஒன்றும் இருந்தது. மருமகள் பாண்டிச்செல்வியைக் கட்டிக்கொடுத்தபோது சம்பந்தி அதை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார். அண்ணனுக்கு அது உயிர்.

நான் முருகானந்தம். அதே ஊரில் ஆசாரி வேலை. அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. கிருத்திகைக்குக் கிருத்திகை பழனிக்குப் போய் வருகிறவன். இதை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அண்ணன் ரிட்டயர்டு ஆக ஒரு மாசம் இருக்கும்போது பட்டறைக்கு வந்தார்.

"ஆசாரி, காசெல்லாம் பிஸ்கட் டப்பாவுல கெடக்கு. அழகா ஒரு பொட்டி செஞ்சு குடு. ஒவ்வொரு காசும் உக்கார குழி குழியா வேணும். நல்லாக் காஞ்ச மரமாப் பாத்துப் போடு."

என்னிடம் காய்ந்த மரம் இல்லை. அந்த வருஷ மழைக்குக் கவுஞ்சி முருகன் கோயில் வாசலில் நின்ற சந்தன வேம்பு சாய்ந்துவிட்டது. கோயில் கதவைச் சரிசெய்து கொடுத்ததற்காக ஊர்க்காரர்கள் அதில் ஒரு துண்டு எனக்குத் தந்திருந்தார்கள். அறுத்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது. நிழலில் ரெண்டு வருஷம் கிடக்கவேண்டிய மரம் அது. இழைக்கும்போதே சுருள் ஈரமாக வந்தது. எனக்குத் தெரியும். ஆனால் நாள் நெருங்கிவிட்டது. முருகன் வாசலில் நின்ற மரத்துக்கு என்ன வந்துவிடும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். வாசம் போய்விடக்கூடாது என்று உள்ளே பாலிஷ்கூடப் போடவில்லை.

"காஞ்சுதானே இருக்கு?" என்று அண்ணன் கேட்டார்.

"சாமி மரம்ணே. இதுல வச்சா எதுவும் கெடாது."

கேட்டதற்கு அது பதில் இல்லை. அவர் அதைக் கவனிக்காமல் பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கவனிக்கமாட்டார் என்று தெரிந்தேதான் நான் அப்படிச் சொன்னேன்.

ரெண்டு வருஷம் அண்ணன் பெட்டியைத் தினமும் திறந்து பார்த்தார். பிறகு சர்க்கரை நோயில் கண் மங்கியது. ஒன்றரை வருஷம் பெட்டி மூடியே கிடந்தது. அண்ணனின் மனைவி அழகம்மாள் மதினி அதற்கு முன்பே தவறிவிட்டார். மகன் திருப்பூரில் வேலை. வீட்டில் மருமகள்தான் எல்லாம். சாவிக் கொத்தும் அவள் இடுப்பில்தான்.

போன ஆடியில் கண் ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் அண்ணன் முதல்வேலையாகப் பெட்டியைத் திறந்தார். என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். நான் போனபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். செம்புக் காசெல்லாம் பாசி பிடித்த மாதிரிப் பச்சை. வெள்ளி ரூபாய் கருத்துப்போயிருந்தது. ஈயக் காசு திருநீற்றில் புரட்டி எடுத்ததுபோல வெளுத்திருந்தது. அண்ணன் விரலால் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. அதிலிருந்த யானை உருவம் போய்விட்டது.

"புளி போட்டு விளக்கியிருக்கா" என்றார் அண்ணன்.

பாண்டிச்செல்வி சுத்தக்காரி. அந்த வீட்டுக் குத்துவிளக்கு, சொம்பு, கதவுக் குமிழ் எல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டு மின்னும். அதுதான் அவளுக்கு வினையாக வந்தது.

"சத்தியமா நான் தொடலை மாமா. எங்கப்பா குடுத்த காசை நானே கெடுப்பனா?"

"நீ தொடாமத் தானா கெட்டுச்சாக்கும்? சாமி மரத்துல வச்சது எப்பிடிக் கெடும்? கேளு, ஆசாரி நிக்கான், அவன்கிட்டயே கேளு!"

என் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அண்ணன் ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

பெட்டியைத் திறந்து வைத்திருந்தபோது ஒரு புளித்த வாடை என் மூக்கில் ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் நேராகச் சாமி அறைக்குப் போனேன். அதே மரத்தில் மிஞ்சிய துண்டில் சின்னப் பெட்டி ஒன்று செய்து, நான் கும்பிடும் முருகனின் செம்பு வேல் ஒன்றை அதில் வைத்திருந்தேன். வருஷத்துக்கு ஒருதடவை கந்த சஷ்டிக்கு மட்டும் வெளியே எடுப்பேன். அதைத் திறந்தேன். அதே வாடை. வேலின் மேல் பச்சைப் பொருக்கு கட்டியிருந்தது. என்னைத் தவிர வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை. என் மனைவி முருகேஸ்வரிகூடத் தொடமாட்டாள்.

பச்சை மரம் வேர்க்கும். மூடிய பெட்டிக்குள் அந்தப் புளித்த மூச்சுக்குப் போக வழி இல்லை. நம் மலை ஈரமும் அதோடு சேர்ந்தால் உலோகம் என்ன செய்யும்? நன்றாகக் காய்ந்த மரம்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் புளிப்பை விடும், காசை மரத்தில் பல வருஷம் வைக்கவே கூடாது, ஈயம்தான் முதலில் சாகும் என்று பிற்பாடு மதுரையில் காசு விற்கிற ஒருவர் சொன்னார். அது எனக்கு அன்று தெரியாது. ஆனால் பச்சை மரத்தில் அடித்த ஆணி கருத்துப்போவதை முப்பது வருஷமாகப் பார்க்கிறேனே, அது தெரியாதா?

தெரிந்தும் நாலு மாசம் பேசாமல் இருந்தேன்.

நடுவில் ஒருநாள் பாண்டிச்செல்வி பட்டறைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. அண்ணன் அவளிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டாராம். அவள் பரிமாறினால் சாப்பிடுவதில்லையாம். மகனும் போனில் அவளைத்தான் திட்டினானாம்.

"ஆசாரியண்ணே, பொட்டியில எதுவும் கோளாறு இருக்குமோ? எனக்கு என்னமோ அப்பிடித் தோணுது."

இழைப்புளியை நிறுத்தாமல், "சாமி மரத்துல என்னம்மா கோளாறு" என்றேன்.

"சரிண்ணே. உங்க சோலியைக் கெடுத்துட்டேன்" என்று போய்விட்டாள். அன்று மாலை விளக்கேற்றும்போது கந்தன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மரத்தைப் பழித்தால் சாமி குத்தம் என்று சொல்லிக்கொண்டேன். மரம் என்ன செய்யும்? அது நின்றது, சாய்ந்தது, அவ்வளவுதான். நான் பயந்தது என் பேர் கெடும் என்றுதான்.

கார்த்திகை மாசக் கிருத்திகைக்கு முந்தின நாள் அண்ணன் வந்து, "நாளைக்கு வெள்ளனே கெளம்பணும் ஆசாரி. அவ பழனி அடிவாரத்துல சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். நீயும் சாட்சிக்கு வா" என்றார்.

மூன்று பேரும் முதல் பஸ்ஸில் போனோம். அடிவாரத்தில் படி தொடங்கும் இடத்தில் ஒரே கூட்டம். காவடிக்காரர்கள் ஒதுங்கச் சொல்லிக்கொண்டு போனார்கள். பாண்டிச்செல்வி உள்ளங்கையில் வெற்றிலையை வைத்து, அதன்மேல் சூடத்தை வைத்தாள். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு அம்மாள், "என்னத்தத் திருடுச்சாம்?" என்று பக்கத்தில் கேட்டது எனக்குக் கேட்டது. பாண்டிச்செல்விக்கும் கேட்டிருக்கும்.

அண்ணன் தீப்பெட்டியை உரசினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்ணே. மரம் காயலை. நாலு மாசத்து மரம். நாந்தான் உங்ககிட்ட மழுப்பிட்டேன். எங்கூட்டு வேலும் அதே மாதிரி கெட்டுக் கெடக்கு. இந்தப் பிள்ளை எதையும் தொடலை."

தீக்குச்சி அவர் விரல்வரை எரிந்து அணைந்தது.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றார்.

"அன்னிக்கே தெரியும்ணே."

அவர் என்னை அடித்திருந்தால் தேவலை. பாண்டிச்செல்விதான் பேசினாள். சத்தம் போடவில்லை.

"பட்டறைக்கு வந்து கேட்டனேண்ணே."

"ஆமா தாயி."

"என் முகத்தைப் பாத்துத்தானே சொன்னீங்க?"

இல்லை, பார்க்காமல்தான் சொன்னேன்.

அவள் வெற்றிலையோடு சூடத்தைப் படியோரம் வைத்துவிட்டு, மலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நாங்கள் ரெண்டு பேரும் பின்னால் போனோம். அண்ணன், "செல்வி, நில்லும்மா, வெயிலு" என்று ரெண்டு தடவை கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. பாலசமுத்திரம் டவுன் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. அம்மா வீட்டுக்கு அதில்தான் போகவேண்டும். ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பையைப் பக்கத்து இடத்தில் வைத்தாள்.

விசில் அடித்துவிட்டார்கள். அண்ணன் ஓடிப்போய்ப் படியைப் பிடித்தார். "இறங்குங்க பெருசு, வண்டி கெளம்பிருச்சு" என்று அந்தக் கண்டக்டர் அதட்டினான். முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் நின்றவர், "ஒரு நிமிசம் தம்பி" என்று அவனிடம் கெஞ்சி ஏறினார்.

நான் கீழே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணன் அவள் சீட்டுக்குப் பக்கத்தில் ரெண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அவள் நிமிரவில்லை. பஸ் வளைவில் திரும்பும்போது, பக்கத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணன் உட்கார்ந்தார்.

அன்று கிருத்திகை. நான் மலையேறவில்லை. கொடைக்கானல் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.