விரிசல் கல்லின் ஓசை

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இயற்பியலில் வகுப்பிலேயே முதலாவதாக வந்த திமிரோடுதான் அன்று மாமல்லபுரத்தில் அப்பா வேலை செய்யும் சிற்பக் கூடத்துக்குப் போனேன்.

அப்பா ஒரு கல்லைச் சுத்தியால் தட்டினார். கணீரென்றது. கல் முழுவதும் ஒன்றாக அதிர்ந்தால்தான் அப்படி ஒலிக்கும்.

"நல்ல கல்லு நைனா!"

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். "பார்றா, டீச்சரம்மா சொல்ட்டாங்க!"

அடுத்த கல்லைத் தட்டினார். பொத்தென்றது. உள்ளே எங்கோ விரிசல். அதிர்வு அங்கேயே அறுந்துபோகிறது.

"இதுவும் மணி மாதிரி கீது. தூக்குங்கப்பா" என்றார், சங்கிலியருகே நின்ற ஆட்களிடம்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தில் விளையாட்டு இல்லை. காதுக்குள் இருக்கும் நுண்ணிய மயிர் செல்கள்தான் அதிர்வை மூளைக்கு அனுப்புகின்றன. கல் அறுக்கும் மெஷினின் இரைச்சலில் அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். கணீரென்ற ஒலியைப் பிடிப்பவை முதலில் போகும். போனவை திரும்ப முளைக்காது. தேர்வில் நானே எழுதிய பதில் இது.

சங்கிலியில் கல் மேலே எழுந்தது. அப்பா அதன் அடியில் கை கொடுக்கக் குனிந்தார்.

"நைனா, வாணாம்! கல்லு வெடிச்சிகீது!" அவர் முதுகுக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். மற்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். கல் இரண்டாகி, அவர் குனிந்திருந்த இடத்தில் விழுந்தது.

அப்பா வெளிறிப்போய் என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஒரு கொரல் குடுக்கக் கூடாதா?"