சின்னத்துரை ஊற்றிய எண்ணெய்

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பட்டறையில் நான் மெக்கானிக்காக இருந்தபோது, லொறியைத் தூக்கும் எண்ணெய் ஜாக் ஒன்று என் மானத்தை வாங்கியது. வெயில் ஏறிய பிறகு பாரத்தை ஒழுங்காகத் தாங்கும். காலைக் குளிரில் தூக்கினாலோ, லொறி மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடும்.

தோட்டத்தின் உதவி மேலாளரான வெள்ளைக்காரச் சின்னத்துரை வந்து பார்த்தார். இங்கிலாந்திலிருந்து வந்து ஆறு மாதம்தான். ஆனாலும் அவருக்குத் தெரியாத இயந்திரம் உலகில் கிடையாது.

"நீ ரொம்ப பாரம் வச்சது. உங்க ஆளுக்கு கவனம் இல்லே," என்றார்.

நான் ஜாக்கைக் கழற்றினேன். வால்வுக்குள் வெள்ளையாக ஏதோ கட்டி நின்று, துளையை அடைக்கும் சிறு இரும்புக் குண்டு சரியாக உட்காராமல் எண்ணெய் கசிந்திருந்தது. மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்!

சின்னத்துரையின் பங்களா சமையல்காரரிடம் விசாரித்தேன். "சின்னத்தொரைதாங்க போத்தலைக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. ஜாக்குல எண்ணெய் கொறஞ்சிருக்காம்," என்றார்.

அந்த வெள்ளைக் கட்டியைத் தகர மூடி ஒன்றில் வைத்துச் சின்னத்துரையிடம் நீட்டினேன். "இது ஒங்க குசினி எண்ணெய்ங்க தொரை. குளிருக்கு ஒறஞ்சு போச்சுங்க."

அவர் முகம் சிவந்தது. "பழைய ஜாக்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நான் ஜாக்கைக் கழுவி, அதற்குரிய எண்ணெயை ஊற்றினேன். மறுநாள் காலைக் குளிரில் தூக்கிய லொறி இறங்காமல் அப்படியே நின்றது.

அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் வந்தபோது, சின்னத்துரை அந்த ஜாக்கைத் தட்டிக்காட்டி, தான் அதைப் பழுதுபார்த்த விதத்தை விரிவாக விளக்கினார். லொறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் கையிலிருந்த ஸ்பேனரைச் சற்றுப் பலமாகவே கீழே போட்டேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.