பாப்பா கருத்த கதை

தெருமுனை அழகுநிலையத்தை நடத்துபவரைப் 'பளபள அக்கா' என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். உலகில் கருப்பு நிறத்தை ஒழிப்பது அவர் ஏற்றுக்கொண்ட தொண்டு. அப்படிப்பட்டவருக்குச் செம்பட்டை முடியும் பாலாடை நிறமுமாக ஒரு பெண் குழந்தை வாய்த்தது. இலவச விளம்பரமே தொட்டிலில் வந்து படுத்துக்கொண்டதாக வாடிக்கையாளர்கள் வியந்தார்கள். பாப்பாவுக்கு எந்தக் கிரீம் என்று ரகசியமாக விசாரித்தார்கள்.

நாத்தனாருக்கு வேறு சந்தேகம். "அண்ணனும் கருப்பு, நீங்களும் கருப்பு. இது யார் சாயல் அண்ணி?"

"உன் சாயல் இல்ல, அதுவரைக்கும் நிம்மதி."

தடுப்பூசி போட வந்த டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் தலையை முகர்ந்தார்.

"என்னம்மா, மக்கின வாடை?"

"எவ்வளவு பவுடர் போட்டாலும் போக மாட்டேங்குது டாக்டர்."

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "புரதத்துல ஃபினைல்அலனின்னு ஒரு அமினோ அமிலம் இருக்கு. உடம்பு அதை டைரோசினா மாத்தணும். டைரோசின்லேருந்துதான் தோலுக்கும் முடிக்கும் கருப்பு தர்ற மெலனின் வருது. மாத்துற நொதி இவளுக்குச் சரியா வேலை செய்யல. முதல் அமிலம் குவிஞ்சுபோய் மெலனினையும் தடுக்குது. இந்த வெளுப்பு அழகு இல்லம்மா, அறிகுறி. விட்டா மூளையைக் கெடுத்துடும்."

"என் குழந்தைக்குப் புத்தி வளராதா?"

"உடனே சாப்பாட்டை மாத்தினா பெரும்பாலும் காப்பாத்திடலாம்."

அளந்து கொஞ்சம் தாய்ப்பால், மீதிக்கு அந்த அமிலம் இல்லாத தனிப் பால்மாவு என்று ஆயிற்று. கருப்பின் பரம எதிரி அன்றிலிருந்து கட்சி மாறினார். ஊரார் முகங்களை வெளுக்கவைத்துக்கொண்டே, பாப்பாவின் உச்சந்தலையில் ஒரு கரும்புள்ளியாவது தெரியாதா என்று பூதக்கண்ணாடி பிடித்துத் தேடினார்.

ஒரு வாடிக்கையாளருக்கு முகப்பூச்சு தடவிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா போனில் கூப்பிட்டார்.

"ரத்தத்துல அளவு நல்லா இறங்கிடுச்சும்மா. கூப்பிட்டா திரும்பறாளா?"

"திரும்பறா டாக்டர், சிரிக்கிறா. நாத்தனார் தூக்கினா மட்டும் அழறா."

"அப்ப புத்திக்குக் குறை இல்ல. இதே சாப்பாட்டை விடாம கொடுங்க."

அக்கா போனை வைத்தார். கைப் பசையோடு பாப்பாவை வாரி எடுத்தார். செம்பட்டைக்கு அடியில் புதுமுடி கருகருவென்று கிளம்பியிருந்தது.

"ஐயையோ, பாப்பா கருக்குதே!" என்று பதறினாள் நாற்காலியில் இருந்தவள்.

"கருக்கட்டும்டி, நல்லா கருக்கட்டும்!" என்று அழுதபடி சிரித்தார் அக்கா.

அவள் மேற்கொண்டு ஏதோ ஆலோசனை சொல்ல வந்தாள். அதற்குள் முகப்பூச்சு இறுகி வாயைக் கட்டிவிட்டது. அந்தப் பூச்சு முதன்முறையாக ஒரு நல்ல காரியம் செய்தது.