ப்ரொஃபெஸர் தந்த கௌப்பி

தக்காளிச் செடியைத் தொட்ட கையை மூக்கருகே கொண்டுபோனால் பச்சையும் கசப்பும் கலந்த ஒரு வாசனை வருமே, எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த வாசனையோடுதான் என் பதினோராவது வயதுக் கோடை முழுவதும் கழிந்தது. சுவிஸில், ஃப்ரிபூர்க் நகரின் விளிம்பில், ரயில் பாதைக்கும் மரம் அரியும் ஒரு மரக்காலைக்கும் நடுவே, வாடகைக்கு விடும் தோட்டத்துண்டுகள் வரிசையாக இருந்தன. உணவகத்தில் அப்பாவோடு வேலைசெய்த சமையல்காரர் ஒருவர் சொல்லிவைத்து எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. பாய் விரித்தால் பத்துப் பேர் படுக்கலாம், அவ்வளவுதான். அப்பா அதை 'எங்கட காணி' என்றுதான் சொல்வார்.

எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. அம்மாவுக்கோ நான் வெயிலில் நிற்பதே ஆகாது. கறுத்துப்போனால் பிறகு ஆர் கட்டுறது என்று பதினொரு வயதிலேயே கவலைப்பட்டு, என் தலையில் குடை அளவு தொப்பி ஒன்றைக் கவிழ்த்துவிடுவார். உடம்பைக் கறுப்பாக்குவதற்கென்றே சனம் ஏரிக்கரையில் உருண்டு புரண்டு கிடக்கும் நாட்டில், என் நிறத்துக்குக் காவல் நின்ற ஒரே ஆள் என் அம்மாவாகத்தான் இருக்கும். அந்தத் தொப்பியை நான் வெறுத்தேன், இப்போது நினைத்தாலும் நெற்றி கடிக்கிறது.

பக்கத்துத் துண்டு ஒரு கறுப்பின முதியவருடையது. நெடிய மனிதர், மண் கொத்தும்போதும் கம்பளிச் சட்டைக்குள் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். தோட்டக்காரர் எல்லோரும் அவரை 'ப்ரொஃபெஸர்' என்றார்கள். எங்கள் வீட்டில் அப்பா வைத்த பெயர் 'கறுவல் ஐயா'. எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் மாமாமார் அதைவிட மோசமான ஒரு சொல்லைச் சொல்வார்கள், அதை இங்கே எழுத மாட்டேன். அவருடைய துண்டில் நல்ல மர வாங்கு ஒன்று கிடந்தும் அவர் அதில் உட்கார்ந்திருந்ததை நான் கண்டதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த நாலு பாத்திக்குள் அங்கும் இங்கும் நடந்தபடியே இருப்பார். 'இருப்புக் கொள்ளாத மனுசன்' என்பார் அம்மா. அவருடைய நடைக்கு ஈடுகொடுக்க அங்கே என்னால் மட்டும்தான் முடிந்தது. அதனால்தான் அவர் தன் கதையை, யாரிடமோ முறைப்பாடு சொல்வதுபோல, பிரெஞ்சில் என்னிடம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

மேற்கு ஆபிரிக்காவின் வறண்ட மூலையொன்றில் பிறந்தவர். நாட்டின் பெயரை விட்டுவிடுகிறேன், அவருடைய சொந்தக்காரர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். விவசாய விஞ்ஞானத்தில் டொக்டர் பட்டம் பெற்று அந்த மண்ணுக்குத் திரும்பிய முதல் ஆள் அவர்தான். போன இடத்தில் வெள்ளைக்கார மேலதிகாரி பருத்தியை ஆராயச் சொன்னாராம். வெள்ளைக்காரர் போனபிறகு வந்த சொந்த நாட்டு அமைச்சரும் பருத்தியைத்தான் ஆராயச் சொன்னாராம். சனம் தின்னுவது கௌப்பிப் பயறு, பருத்தியையா தின்னும் என்று கேட்டுவிட்டு, பருத்தி வரிசைகளுக்கு நடுவே களவாகக் கௌப்பி நட்டு, மழை பொய்க்குமுன்பே காய்த்துவிடும் ஓர் இனத்தைப் பல வருடம் பாடுபட்டுத் தெரிந்தெடுத்திருக்கிறார். ஆராய்ச்சி நிலையம் அதற்கு ஓர் இலக்கம் கொடுத்தது. ஊர்ப் பெண்கள் கொடுத்த பெயர் 'பசியை முந்தியது'. பிறகு ஒரு பஞ்ச வருடத்தில் அரசாங்கத்தை எதிர்த்து வாய் திறந்ததால் நாட்டைவிட்டு ஓடவேண்டி வந்தது. ஓடும்போது கோட்டுப் பைக்குள் ஒரு பிடி விதை இருந்தது.

அந்த விதையோடுதான் ஃப்ரிபூர்க்கில் மல்லுக்கட்டினார். இங்கத்தைய நீண்ட கோடைப் பகல் அந்தக் கொடியைக் குழப்பிவிடும். பூக்க மறந்து இலையாகத் தள்ளும். பூத்தாலும் காய் முற்றுமுன் குளிர் வந்துவிடும். ஒவ்வொரு வருடமும் முந்திப் பூத்த கொடியில் ஒன்றிரண்டு காயைப் பிடுங்கி, வீட்டு ஹீட்டருக்கு மேல் காயவைத்து, அடுத்த வருடம் அதையே நடுவார். இந்த மண்ணில், கொடியிலேயே ஒரு நெற்று முற்றிக் காயவேண்டும். அவருக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

அந்த வருடம் வெயில் கொளுத்தியது. எங்கள் பூசணிக்கொடி வேலி தாண்டி ஓடியது. வழியில் போனவர்களெல்லாம் நின்று நின்று புகழ, அம்மாவுக்குப் பயம் பிடித்தது. புகழ்ச்சியால் வருவது 'நாவூறு', பார்வையால் வருவது 'கண்ணூறு', இரண்டும் ஒன்றாக விழுந்தால் கொடி தாங்காது. 'கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது' என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே ஒரு கொடி வாடியது. பிறகென்ன, அப்பா ஒரு மண் பூச்சாடி வாங்கிக் கவிழ்த்து, கறுப்புப் பூசி, வெள்ளைப் புள்ளி குத்தி, அம்மாவின் லிப்ஸ்டிக்கால் தடித்த உதடும் தொங்கும் நாக்கும் வரைந்தார். அதைத் தடியில் ஏற்றித் தன் பழைய கோட்டையும் மாட்டி, ப்ரொஃபெஸரின் படலைக் கதவைப் பார்த்தபடி எல்லையில் நட்டார். எங்கள் கண்ணுக்கு அது ஊர்த் தோட்டத்து 'வெருளி', வேறொன்றுமில்லை. நாங்கள் கை தட்டினோம்.

ப்ரொஃபெஸர் வந்தார், நடந்தார், நின்றார். இது யார் என்று என்னிடம் கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே வந்து, விளங்கப்படுத்து பிள்ளை என்றார். பார்க்கிறவர்களின் கண் கொடியில் விழாமல் இதில் விழும் என்றேன். ஏன் கறுப்பு என்று கேட்டார். அப்பாவிடம் கேட்டேன்.

"அது அப்பிடித்தான். கறுப்புத்தான் கண்ணூறைப் பிடிக்கும் எண்டு சொல்லு."

பாதி மொழிபெயர்த்தபோதுதான் யாருக்கு எதைச் சொல்கிறேன் என்பது உறைத்தது. தொப்பிக்குள் காது இரண்டும் எரிந்தன. மீதியையும் சொன்னேன்.

இந்த முகத்தைத் தனக்குத் தெரியும் என்றார் ப்ரொஃபெஸர். படிக்க வந்த காலத்தில் கடைகளில் கோப்பித் தகரப் பேணிகளில் இதே உதட்டோடு வரைந்திருந்ததாம். ஒரு பண்ணையில் வேலை பழகியபோது பிள்ளைகள் அவருடைய கையைத் தேய்த்து, நிறம் கழலுகிறதா என்று பார்த்தார்களாம். குரலை உயர்த்தவில்லை, நடக்கவும் இல்லை. அப்பா பதறிப்போனார்.

"என்னையும் ஊரிலை கறுவல் எண்டுதான் கூப்பிடுறவை, அதிலை ஒண்டுமில்லை எண்டு சொல்லு."

சொன்னேன். ப்ரொஃபெஸர் அப்பாவையே பார்த்துக் கேட்டார்: "உங்களுக்கு அது பிடித்திருந்ததா?"

அதை நான் தமிழில் சொன்னதும் அப்பாவின் சிரிப்பு போய்விட்டது. மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் வழித்தார், மறுபக்கத்தையும் வழித்தார்.

"இல்லை" என்றார்.

வெருளியைத் தடியோடு பிடுங்கிக் கொண்டுபோனார். அம்மா முணுமுணுத்தார், அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. என் அப்பாவுக்கு ஊரில் ஒரு காயம் இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், அழுகை வந்தது. அதற்குப்பின் எங்கள் வீட்டில் 'கறுவல் ஐயா' இல்லை. மாமாமார் பழைய சொல்லை எடுத்தால், அவர் ப்ரொஃபெஸர் என்று அப்பா வெட்டிவிடுவார்.

செப்டெம்பர் கடைசியில் கௌப்பி நெற்றுகள் கொடியிலேயே முற்றிச் சரசரத்தன. ப்ரொஃபெஸர் ஒரு நெற்றைக் காதருகே கிலுக்கிப் பார்த்துச் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை நான் தமிழ் வகுப்புக்குப் போயிருந்த நேரம், பிஸ்கட் பேணியொன்றில் கொஞ்சம் கௌப்பியைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்து ஏதோ சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு போன்ஜூரும் மெர்சியும் தவிரப் பிரெஞ்சு கிடையாது. கோபம் ஆறி மனுசன் தன் ஊர்ச் சாப்பாடு தந்திருக்கிறார் என்று குளிர்ந்துபோனார். அயலவன் தந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லையே. ஞாயிற்றுக்கிழமை விடிய கௌப்பி அவிந்தது. தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்து, எங்களுக்கு ஆளுக்கொரு பிடி தந்துவிட்டு, மீதியை அதே பேணியில் போட்டுத் தோட்டத்துக்கு எடுத்துப்போனார் அம்மா.

ப்ரொஃபெஸர் மூடியைத் திறந்தார். பிறகு வாங்கில் இருந்தார். அவர் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவிக்காத விதை ஏதும் வீட்டில் இருக்கிறதா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அம்மாவிடம் கேட்டேன்.

"ஒண்டும் இல்லை, முழுக்க அவிச்சிட்டன் எண்டு சொல்லு" என்றார் அம்மா, சந்தோசமாக.

அவர் தலையை ஆட்டினார். நல்ல விதையை ஒரு வீட்டில் மட்டும் வைக்கக்கூடாது என்றார். தீ வரும், எலி வரும், சாவு வரும். பாதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மே மாதம் நடுவதற்காக மறுபாதியை எங்களிடம் தந்திருக்கிறார். அம்மா என்னவாம் என்னவாம் என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அம்மாவிடம் சொல்லாதே" என்றார் ப்ரொஃபெஸர். விரலால் அள்ளிச் சாப்பிடத் தொடங்கினார். செத்தல் மிளகாயைக்கூட ஒதுக்கவில்லை. பாதியில் நிறுத்தி அம்மாவைப் பார்த்து ஒன்று சொன்னார், அதை மட்டும் மொழிபெயர்க்கச் சொன்னார்: "இந்த விதையை எத்தனையோ பெரிய மனிதர்கள் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் சமைத்துக் கொண்டுவந்து தந்ததில்லை."

அந்தக் குளிர்காலத்தில் ப்ரொஃபெஸர் இறந்துபோனார். தனிக்கட்டை. எங்களுக்குத் தெரியவந்தபோது வீட்டைத் துப்புரவாக்கி எல்லாவற்றையும் குப்பைக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அப்பா இரண்டு நாள் அலைந்து விசாரித்தார், கௌப்பி என்று சொன்னால் அங்கே யாருக்கு விளங்கும்?

அந்தத் தோட்டத்துண்டுகள் இன்றைக்கு இல்லை. அவ்விடத்தில் ஐந்து மாடி வீடுகள், கீழே வாகனத் தரிப்பிடம். 'பசியை முந்தியது' அவருடைய நாட்டில் இன்றும் விளைகிறதாம். அதற்கு இலக்கம் உண்டு, அவருடைய பெயர் இல்லை. சுவிஸின் நீண்ட பகலுக்குக் குழம்பாமல் பூத்த அந்த மற்ற இனமோ உலகத்தில் எங்கேயும் இல்லை. அதை நான் தின்றிருக்கிறேன், நல்ல ருசி.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். நான் எழும்பிக் குசினிக்கும் வரவேற்பறைக்குமாக நடந்துகொண்டிருப்பேன். சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு தடவையும் வாய்வரை வரும். போன கிழமையும் யாரோ வந்திருந்தார்கள்.

"பாவம், பெரிய படிப்புப் படிச்ச மனுசன், ஒரு பருக்கைகூட மிச்சம் விடேல்லை. கேட்டுப் பாருங்கோ இவளை" என்றார் அம்மா.

"ஓம், விடேல்லை" என்றேன்.