நடுவெக்கையின் இரண்டாம் நாள்

2003 ஜூலை 22, செவ்வாய்க்கிழமை. காலை ஏழே முக்காலுக்கு நியே சூமெய் வூஹான் நகரத்தில் பெங் குடும்பத்தார் குடியிருந்த மூன்றாம் மாடிக்கு ஏறினாள். கையில் ஒரு துணிப்பை. அதில் மாற்றுடை இரண்டு, ஒரு சமையல் கத்தி, சுவரில் மாட்டும் வெப்பமானி ஒன்று. பிள்ளை பெற்றவளுக்கு முப்பது நாள் பத்தியம் பார்க்கும் வேலை. மருந்துக் கடை ஆட்குறைப்பில் 1997இல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகு அவள் எடுத்துக்கொண்ட தொழில் அது. பெங் வீடு முப்பத்தொன்றாவது வீடு.

அவளுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. அதில் இருபத்தெட்டு வருஷம் மூலிகை மருந்துக் கடையில் எடை போட்டவள். நூற்றுக்கணக்கான இழுப்பறைகள், எதில் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். 1984இல் பெயர் பெற்ற வைத்தியர் ஒருவர் எழுதிய சீட்டில் ஒரு விஷ வேரின் அளவு கூடுதலாக இருக்கிறது என்று எடை போட மறுத்தாள். சீட்டு வைத்தியரிடம் போய்த் திரும்பி வந்தது, மறுபடி மறுத்தாள். மேலாளர் கத்தினார். "சீட்டு அவர் எழுதினது. எடை போடற கை என்னோடது" என்றாள். மூன்றாம் முறை சீட்டு பாதி அளவோடு வந்தது. யாரும் அவளைப் பாராட்டவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

பிரசவ வீட்டு ஜன்னல் விஷயத்தில் அவளுக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று கேட்டவர்கள் உண்டு. 1971 ஜூலை 26இல் ஒரு நெசவாலைத் தொழிலாளி மனைவிக்குக் காய்ச்சல் என்று சீட்டோடு கடைக்கு ஓடி வந்தான். பிள்ளை பெற்று ஒன்பது நாள். மூன்று பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். மறுநாள் அவன் தம்பி வந்து மூன்றையும் நூல் அவிழ்க்காமல் திருப்பிக் கொடுத்தான். "ஒன்பது நாளா ரூம அடைச்சே வச்சிருந்தோம், காத்தே படல, அப்படியும் போயிட்டா" என்று அழுதான். சூமெய்க்கு அப்போது இருபத்திரண்டு வயது. 'அப்படியும்' இல்லை, 'அதனால்தான்' என்று அவளுக்குத் தோன்றியது. சொல்ல வாய் வரவில்லை. அன்று வாயை மூடியிருந்ததற்கும் சேர்த்துப் பிறகு வாழ்நாள் முழுக்கப் பேசினாள்.

பெங் வீட்டில் மருமகள் யிங்சூவுக்கு இருபத்தாறு வயது. ஜூலை 18இல் பெண் குழந்தை. அவள் படுத்திருந்த அறையின் இரண்டு ஜன்னலும் சாத்தி, இடுக்கெல்லாம் செய்தித்தாள் கிழித்துப் பசை தடவி ஒட்டியிருந்தது. நெற்றியில் கட்டு, முழுக்கைச் சட்டை, காலுறை, மேலே பருத்திப் போர்வை. சூமெய் வெப்பமானியை ஆணியில் மாட்டிக் கால் மணி கழித்துப் பார்த்தாள். முப்பத்து நாலரை டிகிரி. மணி எட்டுதான் ஆகியிருந்தது.

ஜன்னல் பக்கம் கை போனதும் மாமியார் குரல் கொடுத்தாள். பெங் மாமிக்கு அறுபத்தொரு வயது, பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

"தொடாத சூமெய். காத்து எலும்புக்குள்ள பூந்துரும். என் முழங்காலப் பாரு. பன்னெண்டாம் நாள் பச்சத்தண்ணில துணி தொவச்சேன். முப்பது வருஷமா வலி."

"உங்களுக்குப் பிள்ளை பொறந்தது எந்த மாசம் அக்கா?"

"ஜனவரி."

"அது ஜனவரி. இது ஜூலை."

"வாய் மட்டும் நல்லா இருக்கு ஒனக்கு!"

"வாய் மட்டுமில்ல, கண்ணும் நல்லா இருக்கு. கழுத்தப் பாருங்க, எத்தனை வேர்க்குரு."

பெங் மாமி கெட்டவள் இல்லை. நாட்டுக்கோழியைத் தானே அறுத்து நாலு மணி நேரம் வேக வைப்பவள். வெல்லமும் இஞ்சியும் போட்ட வெந்நீரை இரண்டு மணிக்கொரு முறை மருமகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவள். காய் கூடாது, பழம் கூடாது, எல்லாம் குளிர்ச்சி. பெற்ற உடம்பு காலியான பானை, அதில் குளிர் புகுந்தால் போகாது. இதெல்லாம் அவள் மனசறிந்து நம்பியது. சூமெய்யும் அதை மறுக்கவில்லை. அவள் மறுத்தது வேறு.

"உடம்பு உள்ள குளுந்து கெடக்கு, ஒத்துக்கறேன். ஆனா வெளிய இருக்கற வெக்கை திருடன் மாதிரி. இருக்கற நீரையும் தெம்பையும் தூக்கிட்டுப் போயிரும். நீங்க வீட்டப் பூட்டறீங்க, திருடன் உள்ளதான் உக்காந்திருக்கான்."

அன்று மத்தியானம் வெண்பூசணியைத் தோலோடு நறுக்கி, பன்றி விலா எலும்பும் ஐந்து துண்டு இஞ்சியும் போட்டு ரசம் வைத்தாள். பூசணியின் குளிர்ச்சியை இஞ்சி பிடித்து நிறுத்தும் என்பது அவள் கணக்கு. பெங் மாமி சட்டியோடு தூக்கித் தொட்டியில் கொட்டினாள்.

"பத்தியக்காரிக்குப் பூசணியா? ஊரு சிரிக்கும்!"

"கொட்டுங்க. நாளைக்கும் வைப்பேன். சந்தையில பூசணிக்கு ஒண்ணும் பஞ்சமில்ல."

23ஆம் தேதியும் வைத்தாள். அதுவும் தொட்டிக்குப் போனது. 24ஆம் தேதி ஒரு கிண்ணத்தைத் துண்டுக்குள் மறைத்துக் குளியலறைக்குக் கொண்டுபோனாள். யிங்சூ கழிவறை மூடிமேல் உட்கார்ந்து முழுவதையும் குடித்தாள்.

"சித்தி, இன்னும் இருக்கா?"

"இருக்கு. சத்தம் போடாதம்மா, உன் மாமியாருக்கு மூக்கு நீளம்."

மறுநாள் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. மிச்சப் பூசணியைப் பெங் மாமி கீழ் வீட்டுக்காரிக்குத் தானம் செய்தாள். அன்று முதல் குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்காரவும் தொடங்கினாள்.

கோடையின் உச்சத்தை அந்த ஊரார் முதல் வெக்கை, நடு வெக்கை, கடை வெக்கை என்று மூன்றாகப் பிரிப்பார்கள். அந்த வருஷம் நடு வெக்கை மட்டும் இருபது நாள். 26ஆம் தேதி, சனிக்கிழமை, அது தொடங்கியது. பெங் மாமி பழைய தாள்மேல் புதுத் தாள் ஒட்டினாள்.

27, ஞாயிறு. சூமெய் கஞ்சிக்குத் தாமரை இலை வாங்கச் சந்தைக்குப் போய் இரண்டு மணி பத்து நிமிஷத்துக்குத் திரும்பினாள். அறை முப்பத்தேழரை. யிங்சூவின் முகம் செங்கல் நிறம். கழுத்தைத் தொட்டால் அடுப்புக்கல் போல் சுட்டது, ஆனால் ஈரமே இல்லை. அந்த வசந்தத்தில் ஊரெல்லாம் தொற்றுக் காய்ச்சல் பயம் வந்ததிலிருந்து வீட்டுக்கு வீடு காய்ச்சல் பார்க்கும் கருவி இருந்தது. வைத்துப் பார்த்தாள். முப்பத்தொன்பது புள்ளி ஆறு.

"பாப்பா எங்க, கண்ணு?"

"பள்ளிக்கூடம் விட்டாச்சு" என்றாள் யிங்சூ.

சூமெய் கூடத்துக்கு வந்தாள். "அக்கா, அவளுக்கு வேர்வை நின்னுபோச்சு."

பெங் மாமியின் முகம் மலர்ந்தது. "அப்பாடா! இப்பத்தான் உடம்பு கட்டுக்குள்ள வருது. காத்து புகலேன்னு அர்த்தம்."

அவள் அதை நல்ல சகுனம் என்றே நினைத்தாள். சூமெய் உள்ளே போய் ஒட்டியிருந்த தாளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை; பசை காய்ந்து கல்லாகியிருந்தது. சமையல் கத்தியைக் கொண்டுவந்து இடுக்கில் விட்டுக் கீறினாள். இரண்டு ஜன்னலும் படாரென்று திறந்தன. போர்வை, காலுறை, நெற்றிக்கட்டு, சட்டை ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

"கொல்லப் பாக்கறா! என் மருமகளக் கொல்லப் பாக்கறா!"

கூடத்தில் குளிர்சாதனக் காற்றில், குழந்தையின் தொட்டிலருகே தூங்கிக்கொண்டிருந்த மகன் ஹவ்லின் எழுந்து வந்தான்.

"டேய் ஹவ்லின், ஆம்புலன்சுக்குப் போன் போடு! அப்புறம் பச்சத்தண்ணியும் துண்டும் கொண்டா."

"அம்மா என்ன சொல்றாங்கன்னு..."

"உங்க அம்மா சொல்றத நாளைக்குக் கேளு. பிள்ளை பெத்தவ உள்ள வேகறா, நீ இங்க குளுந்து கெடந்தியா? போன எடு!"

அவன் எடுத்தான். சூமெய் யிங்சூவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கூடத்துப் பக்கம் நகர்த்தினாள். பெங் மாமி அறை வாசற்படியில் இரண்டு கையும் விரித்து நின்றாள்.

"இதத் தாண்டினா நீ இந்த வீட்டு ஆளில்ல."

"நான் எப்ப இந்த வீட்டு ஆளு? இவதான் இந்த வீட்டு ஆளு. வழி விடுங்க."

"விட மாட்டேன்."

"அப்ப உங்களையும் சேத்துத் தள்ளிக்கிட்டுத்தான் போவேன். முழங்கால் வலின்னு அப்புறம் என்னச் சொல்லாதீங்க."

தள்ளவே செய்தாள். மாமி கதவோடு சாய்ந்தாள். கூடத்துத் தரையில் யிங்சூவைக் கிடத்தி, ஈரத்துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்து, மாற்றி மாற்றி வைத்து, ஹவ்லினை விசிறி வீசச் சொன்னாள். வண்டி இரண்டு முப்பத்தெட்டுக்கு வந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் சின்ன வயசுப் பெண். நடைபாதையில் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டாள். "இந்த வாரத்துல இது மூணாவது. மூணு பேரும் பிள்ளை பெத்தவங்க. வீட்டுக்குள்ள வச்சு அவிச்சுக் கொண்டாறீங்க!" பெங் மாமி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆனால் மறுநாளே கீழ் வீட்டில், ஜன்னலைத் திறந்தவள்தான் காய்ச்சலை உள்ளே விட்டாள் என்று சொன்னாள். சந்துக்குள் அது நன்றாகவே விலை போயிற்று.

யிங்சூ 31ஆம் தேதி மாலை வீடு திரும்பினாள். ஆகஸ்ட் 1, காலை எட்டு மணிக்குச் சூமெய் கதவைத் தட்டினாள். கையில் ஒரு முழுப் பூசணி.

"உன்ன யாரு கூப்பிட்டா?" என்றாள் பெங் மாமி.

"முப்பது நாள் பேச்சு. இன்னிக்குப் பதினொண்ணு. இன்னும் இருபது நாள் என் கணக்குல இருக்கு."

"ஒன் கணக்க நான் முடிச்சாச்சு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. அதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டிராத உயரத்தில் வந்தது.

"சித்தி, உள்ள வாங்க! அத்தை, அவங்க வைக்கிறதத்தான் நான் சாப்பிடுவேன். ஜன்னலும் தொறந்துதான் இருக்கும். பிடிக்கலேன்னா சொல்லிடுங்க, நானும் பாப்பாவும் எங்கம்மா வீட்டுக்குக் கெளம்பறோம். பஸ் ஒன்பதரைக்கு இருக்கு."

பெங் மாமி கதவை விட்டு ஒரு சாண் நகர்ந்தாள். சூமெய்க்கு ஒரு சாண் போதும்.

அன்றிலிருந்து காலை ஆறு முதல் ஒன்பது வரை ஜன்னல் திறந்திருந்தது. காற்று நேரே முதுகில் படாதபடி கட்டிலைச் சுவரோரம் திருப்பினாள். மத்தியானம் கூடத்துக் குளிர்காற்று இருபத்தேழு டிகிரியில், அறைக் கதவைத் திறந்து வைத்து. காலையில் தாமரை இலைக் கஞ்சி. மதியம் பூசணி, அல்லது பீர்க்கங்காயும் முட்டையும். ஒருநாள் விட்டு ஒருநாள் பிற்பகலில் பச்சைப்பயறு. சட்டியை மூடிப் பத்து நிமிஷம் கொதித்ததும் இறக்கி, நீர் பச்சையாக இருக்கும்போதே வடித்து, ஒரு சிட்டிகை உப்போடு அரைக் கிண்ணம், வெதுவெதுப்பாக. இன்னும் வேகவிட்டால் நீர் சிவந்துவிடும். அது பசிக்கு ஆகும், வெக்கைக்கு ஆகாது என்பாள். முப்பது நாளும் குளிக்கவே கூடாது என்பது அங்கே வழக்கம்; இஞ்சி போட்டுக் கொதித்த நீரில் குளிக்கவும் வைத்தாள். அன்று பெங் மாமி சந்துக்கு இறங்கிப் போய் ஒரு மணி நேரம் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 6இல் ஹவ்லின் பரிவோடு ஐஸ்பெட்டித் தர்பூசணி வெட்டிக் கொண்டுவந்தான். சூமெய் தட்டை வழியிலேயே பிடுங்கினாள்.

"ஐஸா? இதுக்கு உங்கம்மாவே தேவல. நீ தின்னு, வயித்த வலிச்சா கத்தாத."

பெங் மாமி சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காகக் கோபப்பட்டுச் சமையலறைக்குப் போனாள்.

ஆகஸ்ட் 20, முப்பதாம் நாள். யிங்சூவுக்குக் காய்ச்சலில்லை, வேர்க்குருவில்லை; வேர்வை இருந்தது, பால் இருந்தது. வாசலில் பெங் மாமி நின்றாள்.

"பின்னால இவளுக்கு முதுகு வலிச்சா உன்னத்தான் கேப்பேன்."

"வந்து கேளுங்க. ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கேன்."

அடுத்து அவளிடம் சொல்லி வைத்திருந்த இரண்டு வீட்டார் ஆள் அனுப்பி, வேண்டாம் என்றார்கள். மூன்றாம் வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. ஆகஸ்ட் 23, கடை வெக்கை முடிய இன்னும் ஒரு நாள். சூமெய் துணிப்பையோடு அவர்கள் ஐந்தாம் மாடிக்கு ஏறி மணியடித்தாள். மாமியார்க்காரி கதவைப் பாதி திறந்து மேலும் கீழும் பார்த்தாள்.

"ஜன்னலத் தொறக்கறவ நீதானே?"

"ஆமா. பூசணியும் வைப்பேன். ஆகாதுன்னா இப்பவே சொல்லுங்க, அஞ்சு மாடி எறங்க எனக்குக் காலு நல்லாத்தான் இருக்கு."

உள்ளே குழந்தை அழுதது. அடைத்த அறையின் புழுக்கம் கதவிடுக்கு வழியாகச் சூமெய்யின் முகத்தில் அடித்தது. பதிலுக்குக் காத்திராமல் செருப்பைக் கழற்றினாள்.