வெடி கேட்காத இடம்

அந்தத் தீபாவளியன்று வாடகைக் காரில் ஏறியவர்கள் நான், அம்மா, தங்கை, எங்கள் நாய். அப்பா வரவில்லை. பெயிண்டும் பட்டென்று தீப்பிடிக்கிற தின்னரும் அடுக்கிவைக்கிற ஒரகடம் கோடவுன் ஒன்றில் அவர் செக்யூரிட்டி. பண்டிகை நாளில் டூட்டி பார்த்தால் இரட்டைச் சம்பளம். "கல்யாணம் கட்டி இத்தினி வருசத்துல உங்கம்மாவ நான் மகாபலிபுரம்கூட இட்டுனு போனதில்ல. நாயிக்கு ரிசார்ட்டாம்" என்று சொல்லிக்கொண்டே காலையில் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாய்க்கு ரிசார்ட் தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. முந்தைய தீபாவளியில் வடக்குப்பட்டில் எங்கள் தெருவே சரவெடியாக வெடித்தபோது அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இரண்டு நாள் கழித்து சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில், ஒரு வண்டிக்கு அடியில் கிடந்தது. பாதத் தோல் உரிந்து, பின்னங்கால் வீங்கியிருந்தது. அதன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வெகுநேரம் வைத்திருந்த டாக்டர், "வயசாயிடுச்சு. இன்னொரு தடவை இப்படிப் பயந்து ஓடினா தாங்காது" என்றார். அம்மா கேன்டீன் வேலைக்கு முதல் ஷிப்டில் இருட்டோடு கிளம்பும்போது, கம்பெனி பஸ் வரும்வரை அவளோடு ரோட்டில் நிற்பது அந்த நாய்தான். நாங்கள் யாரும் எழுந்ததுகூட இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதையும் தேடிப் படித்துத் தீர்த்துவிடுவேன் என்று வீடு நம்பியது. நானும் நம்பினேன். நாய்க்கு அனுமதி உண்டு என்று போட்டிருந்த இடங்களையெல்லாம் தேடினேன். அனுமதி என்ற சொல்லுக்கு இவ்வளவு கஞ்சத்தனம் உண்டென்று அப்போதுதான் தெரிந்தது. ஓர் இடத்தில் அனுமதி கார் நிறுத்துமிடம் வரைக்கும். இன்னோரிடத்தில் அவர்கள் சொன்ன எடைக்குள் எங்கள் நாயின் தலை மட்டும்தான் அடங்கும். பறவைகள் வரும் ஏரிப் பக்கத்து ஊர்களில் வெடிக்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டுக் கேட்டால், நாய் வந்தால் பறவை பயப்படுமாம். கடைசியில் செங்கல்பட்டுக்கு அப்பால் வயல்வெளி நடுவே ஒன்று கிடைத்தது. வெடிச் சத்தம் இருக்குமா என்று போனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். "பக்கத்துல ஊரே கிடையாது சார்" என்றார்கள். அது பொய் இல்லை. அவர்களுடைய கெட்டிக்காரத்தனமே அதில்தான் இருந்தது.

வரவேற்பில் இருந்த இளைஞன் நாயின் தடுப்பூசி அட்டையை இரண்டு விரலால் வாங்கினான்.

"என்ன ப்ரீட் சார்?"

"நாட்டு நாய்."

"தெரு நாயா?"

அம்மா முன்னால் வந்தாள். "வூட்டு நாய்ப்பா. எங்க வூடு தெருவுலதான் கீது. உங்க வூடு இன்னா, வானத்துலயா கீது?"

அவன் சிரிக்கவில்லை. அப்படிச் சிரிக்காமல் இருப்பதற்கும் பயிற்சி கொடுப்பார்கள் போலிருக்கிறது. நாய் அறைக்குள் வரலாம், ஆனால் புல்தரையில் கால் வைக்கக் கூடாது. அது மற்ற விருந்தாளிகளுக்கு என்றான். புல்தரையில் மற்ற விருந்தாளி ஒன்று உட்கார்ந்திருந்தது. பொன்னிற ரோமம், இடுப்பில் பட்டு வேட்டி, கழுத்தில் அங்கவஸ்திரம். அதைப் பிடித்திருந்த அம்மாள் எங்களுடையதை இரக்கத்தோடு பார்த்தார்.

"ரெஸ்க்யூ பண்ணீங்களா?"

"இல்லீங்க மேடம்" என்றாள் தங்கை. "அவருதான் எங்கள ரெஸ்க்யூ பண்ணி வச்சிருக்காரு."

அந்த அம்மாள் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டார். வசதி ஒரு மனிதரின் காதை எவ்வளவு மென்மையாக்கிவிடுகிறது.

பொழுது சாயும் நேரத்தில் சிப்பந்திகள் மூன்று பேர் அட்டைப்பெட்டிகளைத் தூக்கிவந்து நீச்சல் குளத்தருகே அடுக்கினார்கள். விருந்தாளிகளுக்கான தீபாவளிக் கொண்டாட்டமாம். ரூம் வாடகையிலேயே அடக்கமாம். நான் ஓடிப்போய், "போன்ல கேட்டேனே?" என்றேன்.

"பக்கத்துல ஊரே கிடையாதுன்னுதான் சார் சொன்னோம். இது நாங்க வெடிக்கிறது."

நாய்களைக் கூப்பிட்டு, காசு வாங்கி, அவற்றின் காதருகே வெடி கொளுத்துகிறவன் எந்தப் பள்ளியில் படித்திருப்பான் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒத்திகைக்கு ஒரு சரம் கொளுத்தினார்கள். பட்டு வேட்டி கிழிய அந்தப் பொன்னிற நாய் நாற்காலிக்கு அடியில் புகுந்தது. எங்களுடையது கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிவிட்டது. தங்கை அதன் மேல் குப்புற விழுந்துதான் பிடித்தாள். அவள் கைக்குள் அதன் நெஞ்சு தையல் மிஷின் மாதிரி அடித்தது.

"போலாம்" என்றாள் அம்மா. பையைக்கூட நான்தான் போய் எடுத்து வந்தேன்.

காரில் அது சீட்டுக்கு அடியில் கிடந்து நடுங்கியது. வழியில் எல்லா ஊரிலும் வெடி. ஒரகடம் நெருங்கியதும், வீட்டுக்குப் போகவே கூடாது, அப்பா வேலை பார்க்கிற கோடவுன் கேட்டுக்கு விடு என்று அம்மா டிரைவரிடம் சொன்னாள். வேறு இடம் தோன்றாமல்தான் சொன்னாள். கார் கோடவுன் ரோட்டில் திரும்பியது. இரண்டு பக்கமும் கம்பெனிச் சுவர்கள். லீவு என்பதால் ஷிப்ட் இல்லை, லாரி இல்லை, வீடு என்று ஒன்றுகூட இல்லை. தின்னர் கிடங்கு இருக்கும் ரோட்டில் தீக்குச்சி உரசக்கூட ஆளில்லை. சீட்டுக்கு அடியில் நடுக்கம் மெல்ல நின்றது.

அப்பா கேட்டுக்குள்ளிருந்து பதறிக்கொண்டு வந்தார். "இன்னாமே, டூட்டில குடும்பத்தோட வந்து நிக்கற? சூப்ரவைசர் பாத்தா என் வேல போவும்."

"அவனே லீவு. நீ போய் நில்லு" என்றாள் அம்மா.

நாய் கீழே இறங்கியது. 'பாதுகாப்பே முதன்மை' என்று எழுதியிருந்த பலகையை நிதானமாக மோந்து பார்த்து, காலைத் தூக்கியது. பிறகு அப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்தது. தூரத்தில் வானம் சிவந்து சிவந்து அணைந்தது. சத்தம் இங்கே வரும்போது யாரோ பக்கத்து அறையில் கதவு சாத்துவது போலத்தான் இருந்தது. அம்மா நாயின் விலாவில் கை வைத்துப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை.

அங்கேயே ஒரு கம்பெனிக்கு நானும் தினமும் வேலைக்கு வந்துபோகிற ரோடு அது. அங்கிருந்து தப்பிப்பதற்குத்தான் அத்தனையும் படித்திருந்தேன்.

அம்மா கொண்டுவந்த அதிரசத்தைத் தின்று முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு, அப்பா கேட்டார்: "ரூமு, நாயிக்குத் தனியா, காரு, எல்லாம் சேத்து எவ்ளோடா?"

"திருப்பித் தர மாட்டானாம்ப்பா."

"அத கேக்கல. எவ்ளோ?"

"எட்டாயிரத்து இருநூறு."

அப்பா நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார். "இதே எடத்துல குந்திகினு இருக்க எனக்கு ரெட்டச் சம்பளம் தரான்டா."